எக்ஸ்ரேக்கு அவ்ளோ பயந்தீங்க, கடைசி வரில இருந்த மாத்திரைக்கு பயப்படலையே

வந்த கேள்வி, கொஞ்சம் சுருக்கி பேரை எடுத்துட்டு போட்டிருக்கேன்:

"டாக்டர் மேடம் வணக்கம். எனக்கு 26 வயசு, திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் செக்‌ஷன்ல இருக்கேன். கல்யாணம் ஆகி ஒன்றரை வருஷம். நாள் தள்ளிப் போய் ஸ்கேன் பண்ணதுல 7 வாரம் 2 நாள், ஹார்ட் பீட் இருக்குன்னு சொல்லிட்டாங்க. ஆனா சந்தோஷப்பட முடியல மேடம். மூணு வாரம் முன்னாடி இருமல் காய்ச்சல்னு போனப்ப நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தாங்க, அப்ப மாசமா இருக்கறது எனக்கே தெரியாது. அமாக்சிசிலின், பாராசிட்டமால் குடுத்தாங்க, உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி ஒன்னு போட்டாங்க. இதை கேட்ட என் மாமியார், எக்ஸ்ரே பட்ட கரு ஊனமா தான் பொறக்கும் இப்பவே கலைச்சிடுன்னு தினமும் சொல்றாங்க, வீட்டுக்காரர் மெடிக்கல்ல கேட்டு கலைக்கிற மாத்திரை கிட் வாங்கிட்டு வந்து வெச்சிருக்கார். எங்க அக்கா என்னடான்னா, அம்மா சாப்பிடறது எல்லாம் குழந்தைக்கு போகாது, கொடி வடிகட்டிடும், பயப்படாதன்னு சொல்றா. பப்பாளி ஒரு நாள் ரெண்டு துண்டு சாப்பிட்டேன். கம்பெனில துணில இருக்கற எண்ணெய் கறைய கன்ல கெமிக்கல் அடிச்சு எடுக்கற வேலையும் செய்வேன், சாயங்காலம் ஆனா தலை வலிக்கும். வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளயே சிகரெட் புடிப்பார். சத்து மாத்திரை மூணு மாசத்துக்கு அப்புறம் போட்டா போதும்னு சொன்னாங்க, இன்னும் ஆரம்பிக்கல. மத்தபடி எனக்கு எந்த வியாதியும் இல்ல, 14 வயசுல இருந்து ஃபிட்ஸ் மாத்திரை மட்டும் எடுக்கறேன், சோடியம் வால்ப்ரோயேட் 300, காலைல ஒன்னு ராத்திரி ஒன்னு, அது பழகின மாத்திரை தான், கடைசியா ஃபிட்ஸ் வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. மாமியாருக்கு இது தெரியாது. குழந்தைய வெச்சுக்கலாமா மேடம்?"

என் பதில்:

முதல்ல ரெண்டு விஷயம் சொல்லிடறேன்ம்மா, மிச்சத்தை நிதானமா படிங்க. ஒன்னு, அந்த கிட்டை தொடாதீங்க. ரெண்டு, ஃபிட்ஸ் மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, இன்னைக்கு ராத்திரி போட வேண்டியதையும் போடுங்க, ஆனா இந்த வாரத்துக்குள்ள ஒரு நியூராலஜி டாக்டர பாத்தே ஆகணும். லெட்டர்ல முக்கால்வாசி எக்ஸ்ரே பத்தி தான் இருக்கு, ஆனா நான் உடனே உக்காந்து பதில் எழுதறது அந்த கடைசி ரெண்டு வரிக்காக.

எக்ஸ்ரேய முடிச்சிடுவோம், அது தான் உங்க தூக்கத்தை கெடுக்குது. கதிர்வீச்சை மில்லிகிரேன்னு ஒரு அளவுல சொல்லுவோம். நெஞ்சு எக்ஸ்ரேல கதிர் நெஞ்சுல தான் விழுது, கர்ப்பப்பை பக்கம் சிதறி வர்றது 0.01 மில்லிகிரே கூட இருக்காது. நீங்க எக்ஸ்ரே ரூம் பக்கமே போகாம வீட்டுல சும்மா இருந்தாலும் மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் இயற்கையா வர்ற கதிர்வீச்சு இந்த ஒன்பது மாசத்துல 1 மில்லிகிரே பக்கம் வரும், அதாவது நூறு எக்ஸ்ரே அளவு. குழந்தைக்கு உறுப்புல குறை வரும்னு யோசிக்கவே 50 மில்லிகிரேக்கு மேல போகணும். கணக்கு போட்டு பாத்தா 5000 தடவை நெஞ்சு எக்ஸ்ரே. வயித்துல சிடி ஸ்கேன் எடுத்திருந்தா நான் எந்த மெஷின், எத்தனை தடவைன்னு கேட்டிருப்பேன், அப்பவும் ஒரு சிடி பொதுவா அந்த 50ஐ தாண்டாது. உங்களுக்கு கேக்கவே வேண்டியதில்ல.

இந்த பயம் உங்க மாமியாரோட மட்டும் நிக்கல. 1986ல செர்னோபில் அணு உலை வெடிச்சப்ப கிரீஸ் நாட்டுல கர்ப்பிணிங்க எல்லாரும் அலறிட்டாங்க, அங்க வந்து சேந்த கதிர்வீச்சு ரொம்ப கம்மி, ஆனா பேப்பர்ல வந்த பீதிலயும் டாக்டருங்களே தயங்கி தயங்கி சொன்ன அட்வைஸ்லயும் நல்லா இருந்திருக்க வேண்டிய கர்ப்பங்கள் கிட்டத்தட்ட 2500 கலைக்கப்பட்டுச்சுன்னு அப்புறம் ஆய்வு பண்ணி எழுதினாங்க. கதிர் பட்டு போனது இல்ல, பயத்துல போனது. உங்க வீட்டு அலமாரில இருக்கற கிட்டும் அதே கேஸ் தான்.

அந்த கிட்டை பத்தி இன்னும் ஒன்னு, இதை உங்க வீட்டுக்காரர் கிட்ட படிச்சே காட்டுங்க. கலைக்கிற மாத்திரைய டாக்டர் பாத்து, ஸ்கேன்ல கர்ப்பம் எங்க உக்காந்திருக்குன்னு உறுதி பண்ணி, எழுதி குடுத்து தான் போடணும், மெடிக்கல்ல கேட்டு வாங்கற சமாச்சாரம் இல்ல. அதுல மிசோப்ரோஸ்டால்னு ஒரு மருந்து இருக்கு. அதை சொந்தமா போட்டு, கொஞ்சம் ப்ளீடிங் ஆகி, கலைஞ்சிருச்சுன்னு நெனச்சுட்டு இருக்கறப்ப கர்ப்பம் தொடர்ந்துச்சுன்னா அந்த குழந்தைக்கு முக நரம்பு செயலிழந்து போறது, கை கால் விரல் குறையா வளர்றது எல்லாம் வரலாம். பிரேசில்ல 1990கள்ல இப்படி பொறந்த குழந்தைங்கள பாத்து தான் இது வெளிய தெரிஞ்சுச்சு. ஊனம் வரும்னு பயந்து கலைக்கப் போய் அந்த மருந்தே ஊனத்தை குடுக்கற கொடுமை. எக்ஸ்ரேக்கும் இதுக்கும் எது ஆபத்துன்னா யோசிக்காம சொல்லுவேன், இது தான்.

சரி, அப்ப எது தான் குழந்தைய பாதிக்கும்னு கேப்பீங்க. நாங்க மூணு கேள்வி தான் கேப்போம்: என்ன பொருள், எந்த வாரத்துல, எவ்ளோ. இதுல ஜனங்க முதல் கேள்விய மட்டும் கேட்டுட்டு பயப்படுவாங்க இல்லன்னா தைரியமாயிடுவாங்க, நடுவுல இருக்கற எந்த வாரம்ங்கறதை விட்டுடுவாங்க, அது தான் பெரிய விஷயம்.

வாரக் கணக்கு கடைசியா தலைக்கு குளிச்ச நாள்ல இருந்து போடறது, அதுனால முதல் ரெண்டு வாரம் உள்ள கருவே இருக்காது. அடுத்த ரெண்டு வாரம், அதாவது நாள் தள்ளிப் போற வரைக்கும், கரு வெறும் செல் கூட்டம். அந்த நேரத்துல பலமா ஏதாவது பட்டுச்சுன்னா பெரும்பாலும் கரு நிக்காம போயிடும், லேசா பட்டுச்சுன்னா மிச்ச செல்லுங்க சரி பண்ணிட்டு முழுசா வளரும். ஒன்னு எல்லாம் போகும், இல்ல ஒன்னும் ஆகாது. நீங்க எக்ஸ்ரே எடுத்தது, ஊசி போட்டது எல்லாம் 4 வாரம் 2 நாள்ல, அந்த கட்டம் முடியற இடத்துல, அதுக்கு அப்புறம் ஹார்ட் பீட்டும் வந்துருச்சு. அமாக்சிசிலினும் பாராசிட்டமாலும் கர்ப்பத்துல நாங்களே எழுதற மருந்து. டைக்ளோஃபெனாக் ஒரே ஒரு ஊசி அந்த நேரத்துல, அதை மறந்துடுங்க, ஆனா இனிமே வலிக்குதுன்னு அந்த மாதிரி மாத்திரைய மெடிக்கல்ல வாங்கி போடாதீங்க, 20 வாரத்துக்கு அப்புறம் அது குழந்தையோட கிட்னிய பாதிச்சு பனிக்குட நீரை குறைச்சிடும், 30 வாரத்துக்கு மேல இதயத்துல பொறந்தப்புறம் மூட வேண்டிய ரத்தக்குழாய வயித்துக்குள்ளயே சுருங்க வெச்சிடும்.

5வது வாரத்துல இருந்து 10வது வாரம் வரைக்கும் தான் உறுப்பு எல்லாம் உருவாகற காலம், நீங்க இப்ப சரியா அதுக்குள்ள இருக்கீங்க. உங்க கம்பெனி பாஷைலயே சொல்றேன், கட்டிங்ல அளவு தப்புன பீசை டெய்லரும் காப்பாத்த முடியாது செக்கிங்கும் காப்பாத்த முடியாது, அந்த மாதிரி வாரம் இது. இதை உலகமே பாடமா படிச்சது தாலிடோமைடுங்கற மாத்திரைல. 1957ல மேற்கு ஜெர்மனில தூக்கத்துக்குன்னு வந்துச்சு, மசக்கை வாந்திக்கும் குடுத்தாங்க, ரொம்ப சேஃப்னு விளம்பரம். 1961 கடைசில நிறுத்தறதுக்குள்ள பத்தாயிரத்துக்கு மேல குழந்தைங்க, பல பேருக்கு கையோ காலோ குட்டையா, சிலருக்கு தோள்ல இருந்தே நேரா விரல். இதுல எங்களுக்கு முதுகு சில்லிடற விஷயம், கடைசி பீரியட்ல இருந்து 34வது நாளுக்கும் 50வது நாளுக்கும் நடுவுல போட்டவங்களுக்கு தான் இந்த பாதிப்பு. அதுலயும் ஆரம்ப நாட்கள்ல போட்டவங்க குழந்தைக்கு காது, அடுத்த சில நாள்ல போட்டா கை, அதுக்கு அப்புறம்னா கால். 50 நாள் தாண்டி போட்டவங்களுக்கு குழந்தை பொதுவா நல்லாவே பொறந்துச்சு. ஒரே மாத்திரை, நாள் தான் வேற. அமெரிக்கால பிரான்சிஸ் கெல்சின்னு ஒரு அம்மா மருந்து கட்டுப்பாட்டு ஆபீஸ்ல இருந்துட்டு, கம்பெனிக்காரங்க எத்தனை தடவை வந்து நச்சரிச்சாலும் ஆதாரம் பத்தாதுன்னு அனுமதி குடுக்காமலே இழுத்தாங்க, அங்க கடைக்கே வரல. அந்த மாதிரி பிடிவாதக்காரங்க ஆபீஸ்ல இருந்தா நாட்டுக்கு எவ்ளோ நல்லது பாருங்க.

உங்க அக்கா சொன்ன வடிகட்டிக்கு வரேன். அக்காவ குறை சொல்ல மாட்டேன், 1950கள் வரைக்கும் டாக்டருங்களே அப்படி தான் நம்பினாங்க, நஞ்சுக்கொடி கெட்டதை நிறுத்திட்டு நல்லதை மட்டும் விடும்னு. ஜப்பான்ல மினமாட்டான்னு ஒரு கடலோர ஊர், அங்க ஒரு ஃபேக்டரி பாதரசக் கழிவை கடல்ல விட்டு, மீன்ல சேந்து, மீன் சாப்பிட்ட ஜனங்களுக்கு நரம்பு வியாதி வந்துச்சு, 1956ல தான் அப்படி ஒரு வியாதி இருக்குன்னு அதிகாரபூர்வமா பதிவாச்சு. அங்க சில அம்மாக்களுக்கு கை மரத்துப் போறதை தவிர பெருசா ஒன்னும் இல்ல, ஆனா அவங்க வயித்துல இருந்த குழந்தைங்க மூளை பாதிப்போட பொறந்துச்சுங்க. அம்மா உடம்புல இருந்ததை கொடி வடிகட்டல, குழந்தை பக்கம் இன்னும் அதிகமா தான் சேத்து விட்டிருக்கு. எப்படி நிரூபிச்சாங்கன்னா, நம்ம ஊர்ல காய்ஞ்சு விழுந்த தொப்புள்கொடிய தாயத்துல போட்டு வெப்போம்ல, ஜப்பான்லயும் அதை சின்ன பெட்டில போட்டு பத்திரமா வெக்கற வழக்கம் இருக்கு, அந்த காய்ஞ்ச கொடிய வாங்கி டெஸ்ட் பண்ணி அதுல பாதரசம் இருக்கறதை காட்டினாங்க. அதுக்காக மீனே வேணாம்னு இல்ல, மத்தி, நெத்திலி, அயிலை மாதிரி சின்ன மீன் தாராளமா சாப்பிடுங்க, சுறா மாதிரி மத்த மீனை வேட்டையாடி திங்கற பெரிய மீனை மட்டும் விட்டுடுங்க, அதுல தான் பாதரசம் சேந்திருக்கும். பால் ஊறணும்னு சுறா புட்டு பண்ணி குடுப்பாங்க, அந்த பேச்சு டெலிவரிக்கு அப்புறம்.

இப்ப வால்ப்ரோயேட். கொஞ்சம் கடினமா இருக்கும், ஆனா மறைச்சு எழுதினா உங்களுக்கு பிரயோஜனம் இல்ல.

எந்த மருந்தும் எடுக்காத அம்மாக்களுக்கும் 100 குழந்தைல ரெண்டு மூணு ஏதாவது ஒரு பெரிய குறையோட பொறக்கும், அது எல்லாருக்கும் இருக்கற கணக்கு. வால்ப்ரோயேட் எடுக்கற அம்மாக்களுக்கு அது சராசரியா 100ல 10. முதுகுத்தண்டு முழுசா மூடாம போறது, இதயத்துல ஓட்டை, உதடு அண்ணப் பிளவு, ஆண் குழந்தைன்னா சிறுநீர் துவாரம் இடம் மாறி இருக்கறதுன்னு. இது டோசை பொறுத்து ஏறும். பல நாட்டு கர்ப்பிணிங்களோட பதிவுகளை சேத்து பாத்த ஒரு பெரிய ஆய்வுல, ஒரு நாளைக்கு 650 மில்லிகிராம் வரைக்கும் எடுத்தவங்களுக்கு 100ல 6 பக்கம், 1450க்கு மேல எடுத்தவங்களுக்கு 100ல 25. நீங்க எடுக்கறது 600, அதுனால நீங்க கீழ் படில இருக்கீங்க. அப்படி பாத்தா 100ல 94 பேருக்கு பெரிய உறுப்புக் குறை இல்லாம பொறந்திருக்கு, அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

உறுப்பு மட்டும்னா நான் இவ்ளோ அவசரப்பட மாட்டேன். முதுகுத்தண்டு மூடறது கடைசி பீரியட்ல இருந்து 6 வாரத்துக்குள்ள முடிஞ்சிடும், உங்களுக்கு அது எந்தப் பக்கமோ முடிஞ்சாச்சு, இப்ப மாத்திரைய மாத்தினாலும் அதுல மாற்றம் வராது. ஆனா மூளைக்கு அப்படி ஒரு கடைசி தேதி கிடையாது, டெலிவரி வரைக்கும் வளந்துட்டே இருக்கும், வால்ப்ரோயேட் அந்த வளர்ச்சிலயும் கை வெக்கும். வயித்துல இதுக்கு ஆளான குழந்தைங்கள்ல 100க்கு 30ல இருந்து 40 பேருக்கு பேச்சு நடை லேட்டாறது, படிப்புல ஞாபகத்துல பின்தங்கறது, ஆட்டிசம்னு ஏதோ ஒன்னு வருது. மத்த ஃபிட்ஸ் மாத்திரை எடுத்த அம்மாக்களோட குழந்தைங்கள விட ஐக்யூ ஏழுல இருந்து பத்து பாயிண்ட் வரைக்கும் கம்மியா இருந்ததை ஆறு வயசுல டெஸ்ட் பண்ணி பாத்திருக்காங்க. அதுனால இன்னும் 33 வாரம் இதே மாத்திரைல போறதா, டோசை குறைக்கறதா, வேற மாத்திரைக்கு மாத்தறதான்னு இப்ப முடிவு பண்றதுக்கு அர்த்தம் இருக்கு, தள்ளிப் போட்டா அர்த்தம் குறையும். லாமோட்ரிஜின், லெவெடிராசிட்டம்னு ரெண்டு மாத்திரை இருக்கு, அதே ஆய்வுல அதுக்கு குறை 100ல 3க்கும் கீழ தான், அதாவது எல்லாருக்கும் இருக்கற கணக்கு தான்.

உடனே நிறுத்திடறேன்னு மட்டும் ஆரம்பிக்காதீங்க. அஞ்சு வருஷம் ஃபிட்ஸ் வராம இருந்ததே இந்த மாத்திரையால இருக்கலாம். டக்குனு விட்டா தொடர்ச்சியா ஃபிட்ஸ் வந்து நிக்காம போகலாம், அந்த நேரத்துல உங்களுக்கும் ஆக்சிஜன் இல்ல குழந்தைக்கும் ஆக்சிஜன் இல்ல, அடுப்படிலயோ பாத்ரூம்லயோ விழுந்தீங்கன்னா அது தனி கதை. சில வகை ஃபிட்சுக்கு வால்ப்ரோயேட் தான் கேக்கும், மத்தது கேக்காது, உங்களோடது எந்த வகைன்னு உங்கள பாத்து, மூளையோட மின் அலைய பதியற ஈஈஜி டெஸ்ட் பாத்து நியூராலஜிஸ்ட் தான் சொல்லணும், நான் லெட்டர்ல சொல்ல முடியாது. கோவை அரசு ஆஸ்பத்திரில நியூராலஜி ஓபி இருக்கு, தெரிஞ்ச பிரைவேட் டாக்டர்னாலும் சரி, பழைய சீட்டு, மாத்திரை அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் மூணையும் எடுத்துட்டு போங்க. போனதும் வரிசைல நிக்கறப்பவே கர்ப்பம்னு சொல்லிடுங்க.

எனக்கு கோபம் எங்க வருதுன்னா, 14 வயசு பொண்ணுக்கு இந்த மாத்திரைய எழுதினதுல தப்பில்ல, அப்ப அது தேவைப்பட்டிருக்கும், ஆனா 18 ஆச்சு 20 ஆச்சு கல்யாணம் ஆச்சு, இத்தனை வருஷத்துல ஒருத்தர் கூட உங்கள உக்கார வெச்சு, மாசமாகறதுக்கு முன்னாடி வந்து சொல்லும்மா மாத்திரைய மாத்தணும்னு சொல்லல. பழைய சீட்டை காட்டினா மெடிக்கல்ல அட்டை அட்டையா குடுத்துட்டே இருந்திருக்காங்க. இது உங்க ஒருத்தர் கதை இல்ல, என் ஓபில இதை திரும்ப திரும்ப பாக்கறேன், எக்ஸ்ரே எடுத்தேன் பப்பாளி தின்னேன்னு அழுதுட்டு வருவாங்க, வேற எதாவது மாத்திரை எடுக்கறீங்களான்னா இல்லம்பாங்க, பைய பிரிச்சு பாத்தா முகப்பரு மாத்திரை இருக்கும், ஐசோட்ரெட்டினாயின், கர்ப்பத்துல தொடவே கூடாத மருந்துல முதல் வரிசைல இருக்கறது. பிபி மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை இதுலயும் சிலது அப்படித்தான். பழகின மாத்திரைய யாரும் மாத்திரைன்னே கணக்குல எடுக்க மாட்டேங்கறாங்க.

மாமியாருக்கு தெரியாதுன்னு எழுதியிருந்தீங்க. ஏன்னு எனக்கு புரியுது. ஒரு காலத்துல சட்டத்துலயே ஃபிட்ஸ் இருந்தா கல்யாணம் செல்லாதுன்னு சொல்ல வழி இருந்துச்சு, 1999ல தான் அதை எடுத்தாங்க, ஊரு மனசுல இன்னும் எடுக்கல. இப்பவே மாமியார்கிட்ட சொல்லுங்கன்னு நான் கட்டாயப்படுத்த மாட்டேன், ஆனா வீட்டுக்காரருக்கு தெரியும்ங்கற மாதிரி தான் எழுதியிருக்கீங்க, அவர் உங்க கூட வரணும். மாத்திரை மாத்தற நாட்கள்ல ஃபிட்ஸ் வர வாய்ப்பு இருக்கு, ராத்திரில வந்தா ஒருக்களிச்சு படுக்க வெக்கணும், வாயில எதையும் திணிக்கக் கூடாது, சாவிய கைல குடுக்கறதெல்லாம் வேணாம், அஞ்சு நிமிஷம் தாண்டினா 108 கூப்பிடணும், இதை அவர் தெரிஞ்சு வெச்சுக்கணும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரில 1998ல இருந்தே ஃபிட்ஸ் இருக்கற கர்ப்பிணிங்களுக்குன்னு ஒரு பதிவேடு வெச்சு குழந்தைங்க வளர்ற வரைக்கும் தொடர்ந்து பாக்கறாங்க, அதுல பெரும்பாலான பெண்கள் நல்லபடியா தான் பெத்திருக்காங்க. ஃபிட்ஸ் இருக்கற பொண்ணு தாயாகறது எங்களுக்கு தினசரி வேலை.

ஃபோலிக் ஆசிட் இன்னைக்கே ஆரம்பிங்க. மூணு மாசம் கழிச்சு போட்டா போதும்ங்கறது இரும்பு மாத்திரைக்கு வேணா பொருந்தும், வாந்தி இருக்கறதால அதை பொதுவா அப்புறம் தான் ஆரம்பிப்போம். ஃபோலிக் ஆசிட் மாசமாகறதுக்கு முன்னாடியே ஆரம்பிக்க வேண்டியது. ஃபிட்ஸ் மாத்திரை எடுக்கறவங்களுக்கு நாங்க 5 மில்லிகிராம் மாத்திரை தான் எழுதறது, அது வால்ப்ரோயேட்டோட பாதிப்பை முழுசா தடுக்கும்னு நெனச்சுக்காதீங்க, ஆனாலும் எடுக்கணும்.

அடுத்து அந்த கன். எக்ஸ்ரேக்கு அழுத நீங்க இதை போற போக்குல எழுதியிருக்கீங்க. எண்ணெய் கறைய கரைக்கற கெமிக்கல் ஆவியா மாறி மூச்சுல போயி ரத்தத்துல கலக்கும், கொடியையும் தாண்டும். டொரண்டோல கர்ப்பத்துல இந்த மாதிரி சால்வென்ட் வேலை பாத்த பெண்கள தொடர்ந்து பாத்து 1999ல ஒரு ஆய்வு வந்துச்சு, சின்ன ஆய்வு தான், ஆனா குறையோட பொறந்த குழந்தைங்க கிட்டத்தட்ட எல்லாமே வேலை நேரத்துல தலைவலி, மூச்சு தொந்தரவுன்னு உடம்புல அறிகுறி தெரிஞ்ச அம்மாக்களோடது. உங்களுக்கு சாயங்காலம் தலை வலிக்குதுன்னா அந்த டேபிள்ல காத்து பத்தல, உங்க மூச்சுல அளவுக்கு மேல போகுதுன்னு அர்த்தம். துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் ஆவிய நிறுத்தாது, தூசிய தான் நிறுத்தும். டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி எச்ஆர்ல குடுத்து நாளைல இருந்தே வெறும் செக்கிங் இல்லன்னா பேக்கிங் பக்கம் மாத்த சொல்லுங்க. ஸ்டீம் அயர்ன் பக்கம் போட்டா வேணாம்னுடுங்க, சூடும் லேசுப்பட்டது இல்ல, சென்னை ஸ்ரீராமச்சந்திரா பல்கலைக்கழகத்துக்காரங்க தமிழ்நாட்டுல வேலைக்கு போற 800 கர்ப்பிணிங்கள வெச்சு பண்ண ஆய்வுல, கடும் வெக்கைல வேலை பாத்தவங்களுக்கு கரு கலையற வாய்ப்பு ரெண்டு மடங்கு ஆச்சு. தண்ணி குடிக்கறதும், பாத்ரூம் போக வேண்டியிருக்குமேன்னு குடிக்காம இருக்கறதை விடறதும் இதுல சேரும்.

உங்க வீட்டுக்காரர் சிகரெட் பத்தி அவருக்கே சொல்றேன். தம்பி, கிட் வாங்க மெடிக்கல் வரைக்கும் நடந்தீங்கல்ல, அந்த அக்கறைல பாதி போதும், வீட்டுக்குள்ள புடிக்காதீங்க. புகைல இருக்கற கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஆக்சிஜன் உக்கார வேண்டிய இடத்தை புடிச்சுக்கும், குழந்தையோட ரத்தம் அதை அம்மாவோடதை விட கெட்டியா புடிச்சு வெச்சுக்கும். அம்மாவே புகைச்சா குழந்தை எடை 200 கிராம் பக்கம் குறையும், பக்கத்துல இருந்து சுவாசிச்சா அவ்ளோ இல்ல, ஆனா குறையுது. ஜன்னல தொறந்து வெச்சா சரியாயிடும்னு சொல்லாதீங்க.

பப்பாளி, நல்லா பழுத்தது ரெண்டு துண்டுல ஒன்னும் இல்ல, காயா பால் வடியறது தான் வேணாம். மாமியார் ஏதாவது பஸ்பம், செந்தூரம்னு கொண்டு வந்தா மட்டும் மெதுவா மறுத்துடுங்க, நியூயார்க்ல 2011, 2012ல ஆறு கர்ப்பிணிங்க ரத்தத்துல ஈயம் ஏறி போய் கண்டுபிடிச்சப்ப எல்லாரும் இந்தியால செஞ்ச ஆயுர்வேத மருந்து எடுத்திருந்தாங்க. கஷாயம் ரசம் எல்லாம் குடிங்க, உலோகம் சேத்த மருந்து மட்டும் வேணாம்.

குழந்தைய வெச்சுக்கலாமான்னு கேட்டீங்க. எக்ஸ்ரேக்காக, ஊசிக்காக, பப்பாளிக்காக கலைக்க எந்த காரணமும் இல்ல. வால்ப்ரோயேட்டுக்காகவும் இந்த நிமிஷம் கலைக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், நியூராலஜிஸ்ட், உங்க மகப்பேறு டாக்டர், நீங்க, வீட்டுக்காரர் நாலு பேரும் உக்காந்து பேசி எடுக்கற முடிவு அது, மாமியார் வாய்ல இருந்து வர்ற முடிவு இல்ல. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல 12 வாரத்துக்குள்ள பதிஞ்சு, பிக்மி நம்பர்ங்கற கர்ப்பப் பதிவு எண்ணை வாங்கிடுங்க. 11ல இருந்து 13 வாரத்துல குழந்தையோட பின்கழுத்துல இருக்கற நீரை அளக்கற என்டி ஸ்கேன், 18ல இருந்து 20 வாரத்துக்குள்ள உறுப்புக் குறை பாக்கற அனாமலி ஸ்கேன், இந்த ரெண்டாவதை ஒரு வாரம் கூட தள்ளாதீங்க, முதுகுத்தண்டு, உதடு, இதயம் எல்லாம் அதுல தான் தெளிவா தெரியும், ஏதாவது தெரிஞ்சு மறு ஸ்கேன் பாக்கவும் யோசிக்கவும் உங்களுக்கு டைம் வேணும், 24 வாரம் தாண்டிட்டா மெடிக்கல் போர்டு வரைக்கும் போகணும். ஸ்கேன் சீட்டுல வால்ப்ரோயேட் எடுக்கற கர்ப்பம்னு டாக்டர எழுத சொல்லுங்க, எழுதலன்னா ஸ்கேன் டேபிள்ல படுக்கறப்ப நீங்களே வாய்விட்டு சொல்லுங்க, பாக்கறவங்க முதுகெலும்பை கூடுதலா ஒரு தடவை ஓட்டி பாப்பாங்க, இதயத்துக்கு தனியா ஃபீட்டல் எக்கோவும் எழுதி குடுப்பாங்க.